கை கற்கும் கல்வி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் பெற்றோர் பலர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேறு வழி யாது என்பதே பெரும்பாலும் அவர்தம் கேள்வி. அண்மை ஆண்டுகளில் அதனோடு மற்றொன்றும் சேர்ந்து வருகிறது. “இயற்கை மருத்துவம் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம், சாமி. அது மெய்யான மருத்துவந்தானா? அதில் யோகாசனமும் பயிற்றுவிக்கிறார்களாமே, நம் விசுவாசத்துக்கு இழுக்கு வராதா?” என்று கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, எல்லாருக்குமாக இம்மாதம் இப்பக்கத்தில் மறுமொழி கூற விழைகின்றோம்.

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் மக்களின் பிழைப்பு பெரும்பாலும் முதுகெலும்பின்மேல் ஏற்றப்பட்ட பிழைப்பு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருந்து புறப்படும் லாரி ஓட்டுநர், நாள்கணக்கில் இருக்கையில் அமர்ந்து வண்டியின் அதிர்வையெல்லாம் இடுப்பில் வாங்கிக்கொள்கிறார். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியோடு வடநாடு செல்லும் இளைஞர் இரும்புக் குழாய்களைத் தூக்கி இறக்குகிறார். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிக்கு முன் இரவுபகலாய் நிற்கிறவர்கள் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர் கழுத்தைக் கவிழ்த்தபடியே பொழுதைக் கழிக்கிறார். இவர்கள் வீட்டில் மாலைப்பொழுதில் கேட்கும் முதற்சொல், “இடுப்பு விட்டுப் போகிறது” என்பதே.

இது நம்மவருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் தரும் கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக் காட்டத்தக்க காரணம் எதுவும் புலப்படுவதில்லை. ஆதலின் அறுவைக் கத்திக்கு அங்கே வேலை இல்லை. வலிநிவாரண மாத்திரையோ நாள்கணக்கில் விழுங்கத் தக்கதன்று. இந்த இடைவெளியில்தான் கையால் பிடித்துவிடுதல், நீர்ச் சிகிச்சை, உடற்பயிற்சி, உணவுமுறை ஆகியவற்றைக் கற்றவர்கள் தேவைப்படுகின்றனர். கல்லாதவர்களும் இதே இடைவெளியில்தான் கடை விரிக்கின்றனர். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று நாம் கூறுவதற்கு முதற்காரணம் இதுவே.

நாம் அறிந்த லாரி ஓட்டுநர் குடும்பத்துப் பெண் ஒருத்தி இப்படிப்பில் இருக்கிறாள். இளநிலை இயற்கை மருத்துவமும் யோக அறிவியலும் என்பது அப்பட்டத்தின் பெயர். நாலரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு நீள்வது அது. தமிழக அரசு சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கல்லூரியைத் தொடங்கியது. தனியார் கல்லூரிகளும் உள. ‘பச்சிலையும் பழச்சாறும் படிக்க ஐந்தரை ஆண்டா’ என்று உறவினர் எள்ளினராம். விடுமுறைக்கு வந்த அவளிடம், என்னதான் கற்கிறாய் என்று கேட்டோம். அவள் கூறியவை நமக்கு வியப்பளித்தன.

உடற்கூறும் உடலியங்கியலும் நோய்க்குறியியலும் மற்ற மருத்துவ மாணவரைப் போலவே அவர்களும் கற்க வேண்டும். முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புப் பகுதிக்கு 12, இடுப்புக்கு 5 என 24 அசையும் எலும்புகள். அவற்றின் கீழே ஒன்றாய் இணைந்த திருவெலும்பும் வாலெலும்பும். இவற்றை ஏட்டில் மனப்பாடம் செய்வது எளிது. உடை போர்த்திய முதுகின்மேல் விரல் வைத்து, இது நான்காவது, இது ஐந்தாவது என்று பிழையின்றிச் சொல்வது எளிதன்று. ஒல்லியான முதுகும் பருத்த முதுகும் ஒன்றுபோல் விரலுக்குப் பேசுவதில்லை. கையின் கூர்மையை வளர்க்க ஒரு பழைய பயிற்சி உண்டாம்: தலைமயிர் ஒன்றைத் தாளின் அடியில் வைத்து, கண்ணை மூடி விரல்நுனியால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மேலும் ஒரு தாள். பின்னும் ஒரு தாள். பொறுமை இல்லாத கைக்கு மயிரிழை அகப்படாது.

அடுத்து, மாணவர் ஒருவர்மீது ஒருவர் பழக வேண்டும். பிடித்துவிடக் கற்பவர் முதலில் தாமே படுத்து, பிறர் கையின் அழுத்தத்தைத் தம் உடம்பில் உணர வேண்டும். இடுப்புக் குளியல், ஈரத்துணிப் பட்டி, மண்பட்டி ஆகியவற்றையும் தம் உடலில் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல்மண்ணை நீக்கி ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் காயவைத்து, சலித்து, ஊறவைத்து, வயிற்றின்மேல் இடும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வருமா வராதா என்பதை, தான் ஒருமுறை நடுங்கினவள் மறக்க மாட்டாள் அல்லவா?

“கால் வெந்நீரில் வைப்பது எல்லா வீட்டிலும் செய்வதுதானே, அதில் கற்க என்ன இருக்கிறது?” என்று வினவினோம். “சாமி, சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். நீர் சுடுவது அவருக்குத் தெரியாது. கொப்புளம் வரும், அது புண்ணாகும், புண் ஆறாமல் காலையே எடுக்க நேரலாம். ஆகவே வெப்பமானி வைத்துப் பார்க்காமல் ஒரு வாளி நீரைக்கூட அருகே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்” என்றாள். ஐந்தரை ஆண்டு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை நமக்குக் கிடைக்கவில்லை.

நீர்ச் சிகிச்சை என்றதும் கத்தோலிக்கர் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 1821-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் ஏழை நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் செபஸ்தியான் நைப். நம் குமாரபாளையத்துப் பிள்ளைகளைப் போல இளமையில் தறியில் உழைத்தவர். குருவாக வேண்டும் என்ற வேட்கை இருந்தும் பொருள் இல்லை. துணைப் பங்குக்குரு ஒருவர் மனமிரங்கி இலத்தீன் கற்பித்தார். குருமடப் படிப்பின்போதோ நுரையீரல் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. 1849-ஆம் ஆண்டில், ஹான் என்னும் மருத்துவர் குளிர்நீரின் நலன் பற்றி எழுதிய பழைய சிறுநூல் ஒன்று அவர் கையில் கிட்டியது. குளிர்காலத்தில் தானூபு ஆற்றுக்கு ஓடி, சில நொடி மூழ்கி, மீண்டும் ஓடி வந்து உடலைச் சூடேற்றிக்கொண்டார். நலம் பெற்றார், 1852-இல் குருப்பட்டமும் பெற்றார்.

1855-இல் வோரிசோபன் என்னும் சிற்றூரில் தொமினிக்கன் கன்னியர் மடத்துக்கு ஆன்ம குருவாக வந்தார். 1881-இல் அவ்வூர்ப் பங்குக்குருவானார். மருத்துவச் செலவுக்கு வழியற்ற ஏழைகள் அவரைத் தேடி வந்தனர். போலி வைத்தியர் என்று குற்றம் சாட்டியவரும் இருந்தனர். 1886-இல் தம் நீர்ச் சிகிச்சை முறையை நூலாக எழுதி வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1893-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் அவருக்கு மொன்சிஞ்ஞோர் என்ற பட்டமளித்துச் சிறப்பித்தார். 1897 சூன் 17-இல் இறைவனடி சேர்ந்தார். நீர், மூலிகை, உடலசைவு, எளிய உணவு, ஒழுங்கான வாழ்வு என்னும் ஐந்தே அவர் முறையின் தூண்கள் என்பர். பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வதும் அவருடைய மருந்துகளுள் ஒன்று.

இக்கதையில் நம் மாணவர் கற்க வேண்டியது ஆற்றில் குதிப்பதன்று. காசநோயாளி எவரும் இன்று அதைச் செய்யவும் கூடாது. அதற்கு உறுதியான மருந்து உண்டு. அரசே விலையின்றித் தருகிறது. கற்க வேண்டியது வேறு. நைப் அடிகள் தொடக்கத்தில் கடுமையாக இருந்த தம் சிகிச்சையை, வருவோரின் உடலைக் கூர்ந்து பார்த்துப் பார்த்துப் பின்னர் மென்மையாக்கிக்கொண்டார். தமக்குப் பொருந்தியது எல்லாருக்கும் பொருந்தும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பட்டம் பெற்ற மருத்துவர்கள் தம்மோடு இருந்து நோயாளிகளைப் பார்ப்பதை வரவேற்றார். அனுபவத்தைத் திருத்திக்கொள்ளும் பணிவே அவருடைய கல்வி.

இனி, இக்காலத்தில் கைப்பேசியில் நம் இளைஞர் மிகுதியாகக் காணும் காட்சி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் படுத்திருக்க, மற்றொருவர் அவர் கழுத்தைத் திடீரெனத் திருகுவார். சடக்கென்று ஓசை கேட்கும். படுத்தவர் சிரித்தபடி எழுவார். கைரோபிராக்டிக் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் 1895-இல் தேனியல் தாவீது பால்மர் என்பவர் தொடங்கியது இது. 1897-இல் அவர் அதற்கொரு பள்ளியும் நிறுவினார். முதுகெலும்பின் பிறழ்ச்சியே ஏறத்தாழ எல்லா நோய்க்கும் காரணம் என்பது அவர் கொள்கை. அறிவியல் அதை ஏற்கவில்லை. எனினும் அமெரிக்கா முதலிய நாடுகளில் அத்துறைக்குச் சட்டமும் உரிமமும் நெடிய கல்லூரிப் பயிற்சியும் உள்ளன. நம் நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டப் பதிவு இல்லை. ஆகவே சில நாள் பயிற்சியில் சான்றிதழ் பெற்றுக் கடை திறப்பவரைத் தடுத்துக் கேட்பார் இல்லை.

நம் முன்னோர்க்கும் இக்கலை புதிதன்று. சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைக் கைமுறைகளை வகுத்துள்ளது. தென்பாண்டிக் கரையோரம் வர்மக் கலை உண்டு. சேலத்துக்கு அருகே கஞ்சமலைச் சித்தர்கோவிலை அறியாதார் இல்லை; கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் முடவாட்டுக்கால் கிழங்கில் சூப்பு வைத்து மூட்டுவலிக்காரருக்குக் கொடுப்பதையும் கண்டிருக்கிறோம். இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் பழமை என்பதனாலேயே தீங்கற்றதாகிவிடாது. பச்சிளங் குழந்தைக்கு ‘உரம் விழுந்தது’ என்று சேலையில் இட்டு உருட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. குழந்தையின் கழுத்து தலையைத் தாங்கும் வலிமை பெறாதது. அதன் மூளையோ அசைவால் எளிதில் ஊறுபடுவது. அம்மாயிமார் அன்பினால் செய்வது இது என்பதை அறிவோம். ஆயினும் இதனை அறவே கைவிடுமாறு மன்றாடுகின்றோம். எலும்பு முறிந்த கைக்கு மூங்கில் பட்டையிட்டு இறுகக் கட்டி, இரத்தவோட்டம் நின்று, கையையே இழந்தவர் உண்டு.

கழுத்தைப் பற்றியும் ஒரு சொல். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் இரண்டு கழுத்தெலும்பின் துளைகள் வழியே மேலேறுகின்றன. திடீர்த் திருகலால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. அரிதே எனினும், முடிதிருத்தும் நிலையத்தில் இலவசமாகச் சொடுக்கிவிடும் கழுத்துக்கு அந்த அரிதான தீங்கும் நேரலாம்.

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு என்ன செய்யத் தகும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 திசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்கு அறிவுரை, முறையான உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சை, பிடித்துவிடுதல் ஆகியவற்றை அது ஏற்கிறது. நம்மவர் பலர் விரும்பி அணியும் இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கையால் செய்யும் மருத்துவம் மூடநம்பிக்கை அன்று. ஆனால் அது அளவோடு நிற்கும் மருத்துவம் என்பது இதனால் விளங்கும்.

அந்த அளவை அறிவதே கல்வியின் முடிமணி. நாம் முன்னர்க் குறிப்பிட்ட மாணவி கடந்த விடுமுறையில் ஊரில் இருந்தபோது, அண்டை வீட்டு ஓட்டுநர் ஒருவர் வந்து, “நீதான் படிக்கிறாயே, கண்ணு, இந்த இடுப்பைக் கொஞ்சம் சொடுக்கிவிடு” என்றாராம். அவள் அவர் முதுகைத் தொடவில்லை. மாறாக, கேள்விகள் கேட்டாள். கால் மரத்துப்போகிறதா? நடக்கையில் பாதம் இடறுகிறதா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா? உட்காருமிடத்தில் உணர்ச்சி குன்றியுள்ளதா? மகள் வயதுப் பெண்ணிடம் சொல்லக் கூசிய அவர், இரண்டு நாளாய்ச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று தம் மனைவியின் மூலம் தெரிவித்தார். “அண்ணாவை இன்று மாலைக்குள் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அக்கா; நாளை என்று தள்ளாதீர்கள்” என்று அவள் வற்புறுத்தினாள். முதுகுத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தின் அடி நரம்புக் கொத்தை நெரித்திருந்தது. உடனே அறுவை செய்தனர். இன்று அவர் நடக்கிறார். சில நாள் தாழ்த்தியிருந்தால் வாழ்நாள் முழுதும் சிறுநீர்க் குழாயோடும் ஊன்றுகோலோடும் இருந்திருப்பார். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். உழைப்பவர் அவர் ஒருவரே.

அவள் கை கற்ற பாடங்களுள் சிறந்தது எது என்று நம்மைக் கேட்டால், தொடாமல் இருந்த அந்தப் பாடத்தையே சொல்வோம். முதுகுவலியோடு காய்ச்சலோ, காரணமற்ற மெலிவோ, விபத்தோ, முன்பு புற்றுநோய் வந்த வரலாறோ, கால் வலுவிழத்தலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தலோ சேர்ந்திருந்தால், நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதனைக் குடும்பத்தார் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இயற்கை மருத்துவத்தின் பெயரால் நேரும் மற்றொரு கேட்டையும் மறைப்பதற்கில்லை. சர்க்கரை நோயை வேரோடு நீக்குவோம் என்று கூறி இன்சுலினை நிறுத்தச் செய்வோர் உள்ளனர். 1922-இல் டொராண்டோ நகரில் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும்வரை, குழந்தைப் பருவச் சர்க்கரை நோய் என்பது மரண ஓலையாகவே இருந்தது. கணையம் இன்சுலினைச் சுரக்காத பிள்ளைக்குப் பாகற்காய்ச் சாறு அதைச் சுரந்து தராது. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றை அறவே குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டியில் அப்படி எழுதியிருந்தால், எழுதியவர் கல்லாதவர் என்றோ, கற்றும் மனச்சான்றைத் துறந்தவர் என்றோ கொள்ளலாம்.

விசுவாசம் பற்றிய ஐயத்துக்கு வருவோம். உடலை வளைப்பதும் நிமிர்ப்பதும் மூச்சைச் சீராக்குவதும் உடற்பயிற்சியே. அவற்றால் விசுவாசம் குன்றாது. ஆனால் உடல்நலமே மீட்பு என்றோ, பெயரற்ற ஓர் ஆற்றலை வசப்படுத்தி நோயை ஓட்டலாம் என்றோ எவரேனும் கற்பித்தால் அங்கே நாம் நின்றுகொள்ள வேண்டும். திருச்சபை இதுபற்றி 2003-ஆம் ஆண்டிலேயே உரோமையிலிருந்து விரிவான எச்சரிக்கை வெளியிட்டுள்ளது. பயிற்சியைக் கற்கட்டும்; வழிபாட்டை இறைவனுக்கே வைத்துக்கொள்ளட்டும்.

மறைநூல் மருத்துவரை இகழவில்லை. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்ப செபத்தில் படியுங்கள். மண்ணிலிருந்து மருந்தை விளைவித்தவர் கடவுளே. அறிவுடையோன் அதைப் புறக்கணியான். நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடந்தரவும் வேண்டும். மருத்துவனும் நோயைச் சரியாகக் கண்டறியுமாறு கடவுளை மன்றாடுவான் என்பன அங்கே காணும் கருத்துகள். செபமா மருந்தா என்று சண்டையிடுவோர்க்கு இஸ்ராயேலின் ஞானி அன்றே தீர்ப்பளித்துவிட்டார்.

பெற்றோருக்கு நம் அறிவுரை சுருக்கமானது. பிள்ளைக்கு மெய்யான ஆர்வம் உண்டா என்று பாருங்கள். மருத்துவக் கல்லூரி கிட்டாத ஏமாற்றத்தை மறைக்கும் போர்வையாக இப்படிப்பைத் தேடாதீர்கள். அரசும் பல்கலைக்கழகமும் ஏற்ற கல்லூரிதானா என்று கட்டணம் செலுத்துமுன் நேரில் விசாரியுங்கள். நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை அங்கே உண்டா என்று நடந்து பாருங்கள். கட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தால் கை கற்க அங்கே வழியில்லை. இயன்முறை மருத்துவமும் இதற்கு நெருங்கிய துறையே. அதனையும் எண்ணிப் பாருங்கள். மாதக்கணக்கில் பட்டம் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

மாணவரே, உங்களுக்கு ஒரு சொல். புனித லூக்கா தம் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகளாக நிமிர முடியாதபடி கூனிப்போன பெண் ஒருத்தியைக் காட்டுகிறார். அவர் மருத்துவர் என்பது மரபு. ஆதலால்தான் ஆண்டுக்கணக்கையும் மறவாமல் குறித்தார் போலும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இயேசுவே அவளைக் கண்டார்; அழைத்தார்; கைகளை அவள்மேல் வைத்தார்; அவள் நிமிர்ந்தாள். தொழுகைக்கூடத் தலைவனுக்கு ஓய்வுநாள் பெரிதாய்த் தெரிந்தது. இயேசுவுக்கு அவள் முதுகு பெரிதாய்த் தெரிந்தது.

நம் சமவெளியில் கூனி நடக்கும் முதுகுகள் பல. அவற்றை முதலில் காணுங்கள். பிறகு அழைத்துக் கேளுங்கள். அதன் பின்னரே கை வையுங்கள். அந்த வரிசை மாறாதிருக்க வேண்டுமென்றே உங்களுக்காகத் திருப்பலியில் மன்றாடுகின்றோம்.